பாரதி பாடலும் பதிப்புரிமையும்



எழுதியவனுக்குத் தன் எழுத்தின் மீது என்ன உரிமை? படிப்பவனுக்கு அதன் மீது என்ன உரிமை? இவை சட்டத்தரணிகளுக்கு மட்டுமே உரிய கேள்விகள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் பாட்டுப் பாடுகிறவரையும், பாடம் சொல்லுகிறவரையும், நூலொன்றைப் பிரதி செய்து வைத்துக்கொள்ளுகிறவரையும் இவை தொடுகின்றன. மகாகவி சுப்பிரமணிய பாரதியாரின் பாடல்கள் அவர் மறைந்த பின் கைமாறிக் கைமாறி, இறுதியில் மக்களிடம் வந்து சேர்ந்த வரலாற்றை இன்று நோக்குவோம். இக்கேள்விகளுக்கு அவ்வரலாறு முழுமையான விடை தராவிட்டாலும், விடை எங்கே கிடக்கிறது என்பதைக் காட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் ஓர் இந்துக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியன். பிறர் எழுதியவற்றைக் கொண்டே என் தொழில் நடக்கிறது. அதேவேளை, உயர்தர மாணவருக்கென்று நானும் நூல் எழுதியிருக்கிறேன். ஆகவே இந்த விடயத்தில் எனக்கு இரண்டு மனங்கள் உண்டு. இரண்டையும் வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

நமது பழைய மரபிலே பதிப்புரிமை என்ற சொல் இல்லை. ஏட்டைப் பிரதி செய்வது நூலைக் காக்கும் தொண்டாகக் கருதப்பட்டது. கறையானுக்கும் வெள்ளத்துக்கும் தப்பி இன்று நம் கையில் இருக்கும் சங்க நூல்கள் யாவும், பெயர் தெரியாத யாரோ ஒருவர் இருந்து எழுதிப் பிரதி செய்ததனால் எஞ்சியவையே. ஆனால் எழுதியவனை நம்மவர் மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. சிறப்புப் பாயிரத்தில் இன்னின்ன செய்திகள் வரவேண்டும் என்று நன்னூல் விதிக்கும்போது, நூலாசிரியரின் பெயரை முதலாவதாக வைக்கிறது. அடுத்து நூல் வந்த வழியைச் சொல்லவேண்டும் என்கிறது. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்ற பாகுபாட்டிலும் ஓர் ஒழுக்கம் இருக்கிறது. பிறரிடமிருந்து பெற்றதைப் பெற்றதென்றே சொல்லவேண்டும் என்பதே அந்த ஒழுக்கம்.

சோற்றுக்கு என்ன வழி என்றால், அதற்குப் புரவலன் இருந்தான். அவன் தந்த பரிசிலே புலவனின் வருவாய். புரவலன் கிடைக்காத புலவனின் வீட்டு நிலைமையைப் பெருஞ்சித்திரனாரின் புறநானூற்றுப் பாடல்களைப் படித்தவர்கள் அறிவார்கள். எனவே அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் புகழ மாட்டேன். பெயர் ஆசிரியனுக்கு, பிரதி எல்லோருக்கும், உணவு அரசன் மனம் வைத்தால் என்பதே அன்றைய ஏற்பாடு.

அச்சியந்திரம் வந்து இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. அச்சிடுவதற்குக் கடதாசியும் எழுத்தும் கூலியும் வேண்டும். ஒருவர் முதல் போட்டு அச்சிட்டதை இன்னொருவர் உழைப்பில்லாமல் அப்படியே அச்சிட்டு மலிவாக விற்கலாம். இங்கிலாந்தில் 1710ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம் இதற்கு ஒரு வரம்பு கட்டியது. புதிய நூலுக்கு 14 ஆண்டுகள் உரிமை. அக்காலம் முடியும்போது ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னும் 14 ஆண்டுகள். அச்சட்டத்தின் தலைப்பிலேயே கல்வியை ஊக்குவிப்பதற்கான சட்டம் என்று கூறப்பட்டிருந்தது. பதிப்புரிமை பிறந்தபோது அது கல்விக்குத் துணையாக, காலவரையறையுடன் பிறந்தது என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

நமது பக்கத்திலும் அச்சு புதிய உழைப்பாளிகளை உருவாக்கியது. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். சிறுப்பிட்டி தந்த சி.வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். கலித்தொகையின் சொற்கள் சங்கப் புலவருடையவை. ஆனால் சிதைந்த ஏடுகளை ஒப்புநோக்கி, பாடம் கண்டு, பிழை களைந்து தந்த உழைப்பு பிள்ளையவர்களுடையது. அந்த உழைப்புக்கு என்ன பெயர், என்ன விலை என்பது பழைய மரபு விடை காணாத புதிய கேள்வி. பின்னர் 1911ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம், ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன் பின் 50 ஆண்டுகளும் உரிமை என்று வகுத்தது. இலங்கையிலும் இந்தியாவிலும் அதுவே அடிப்படைச் சட்டமாயிற்று. பாரதியாரின் பாடல்கள் இந்தச் சட்டத்தின் கீழேதான் வந்தன.

பாரதியார் தம் எழுத்தை எப்படி நினைத்தார்? 1907இல் வி. கிருஷ்ணசாமி ஐயர், பாரதியின் அரசியல் கருத்தோடு உடன்படாதவராயிருந்தும், அவருடைய பாடல்கள் சிலவற்றைச் சிறு பிரசுரமாக 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். பாட்டு இலவசமாகப் பரவியதில் கவிஞருக்கு மகிழ்ச்சியே. ஆனால் எழுத்தினாலே பிழைக்கவேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. 1920இல் தம் எழுத்துக்களை 40 நூல்களாக, நூலொன்றுக்கு 10,000 பிரதிகள் வீதம் வெளியிடத் திட்டமிட்டு, கடனாகப் பணம் தரும்படி நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். மொத்தம் நான்கு இலட்சம் பிரதிகள். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் புத்தகங்கள் வீடுதோறும் போகும் என்று அவர் நம்பினார். பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு, 1921 செப்டெம்பரில், 38 வயதில் அவர் காலமானார்.

செல்லம்மா பாரதிக்கும் தங்கம்மாள், சகுந்தலா என்ற இரு புதல்வியருக்கும் அவர் விட்டுச்சென்ற சொத்து கையெழுத்துப் பிரதிகளும் அவற்றின் மீதான உரிமையுந்தான். செல்லம்மா 'பாரதி ஆச்சிரமம்' என்ற பெயரில் 1922இல் சுதேச கீதங்களை வெளியிட்டார். கணவனை இழந்த ஒரு பெண், அக்காலச் சமூகத்திலே, நூல் வெளியிட்டு விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்ற முனைந்தார் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அம்முயற்சி நிலைக்கவில்லை. பின்னர் பாரதியின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி சி. விசுவநாத ஐயரும் நண்பர்களும் நடத்திய 'பாரதி பிரசுராலயம்' நூல்களை வெளியிட்டது. குடும்பத்தின் பணமுடையினால் உரிமையும் காலப்போக்கில் அவர்களிடம் விற்கப்பட்டு, முடிவில் விசுவநாத ஐயரிடம் நிலைத்தது. அவர் மீது நாம் குறை கூறவேண்டியதில்லை. 1928இல் அரசு பாரதி பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது. அப்படிப்பட்ட காலத்திலும் அதன் பின்னும் அந்த எழுத்துக்களைத் திரட்டி அச்சிற் காத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

இந்த இடத்தில் வரலாறு ஒரு திருப்பம் கொள்கிறது. வானொலியிலே பேசும் எனக்கும் கேட்கும் உங்களுக்கும் நெருக்கமான திருப்பம் அது. இசைத்தட்டும் பேசும்படமும் வானொலியும் வந்தபோது, ஒரே பாட்டின் உரிமை பல துண்டுகளாயிற்று. அச்சிடும் உரிமை ஒருவரிடம் இருக்க, ஒலிப்பதிவு செய்யும் உரிமையை வேறொருவர் தனியே வாங்கலாம். 1934இல் பாரதி பாடல்களின் ஒலிபரப்பு, இசைத்தட்டு உரிமையைச் சென்னையில் நகை வணிகம் செய்த ஜேசிங்லால் மேத்தா சில நூறு ரூபாவுக்கு வாங்கினார். அன்று அதற்கு அவ்வளவுதான் மதிப்பு. பேசும்படம் நாடெங்கும் பரவியதும் மதிப்பு ஏறியது. படத்தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் அதே உரிமையைப் பல ஆயிரம் ரூபா கொடுத்து மேத்தாவிடமிருந்து பெற்றார். சில நூறு பல ஆயிரமானபோது அந்த ஏற்றத்தில் ஒரு சதமும் செல்லம்மாவுக்குப் போகவில்லை.

இவ்விடத்து மெய்யப்பச் செட்டியாருக்கும் நியாயம் செய்யவேண்டும். 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாளின் குரலில் பாரதி பாடல்கள் ஒலித்தன. புத்தகம் வாங்க வசதியில்லாதவரும், எழுத்தறியாதவரும் பாரதியைக் கேட்டது இப்படித்தான். உரிமையை வாங்கிய வணிகர் பாட்டைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை, ஊரெல்லாம் பரப்பினார். ஆயினும் பரப்பும் உரிமை தமக்கே உண்டு, பிறருக்கு இல்லை என்பது அவர் நிலை. நாடகக் கலைஞர் டி.கே. சண்முகம் நடித்து 1948இல் வந்த 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் ஒன்று இடம்பெற்றபோது அதற்கு எதிராக அவர் வழக்குக்குப் போனார். சட்டப்படி பார்த்தால் அது அவர் வாங்கிய பொருள். ஆனால் சாதாரண மக்கள் காதில் அது வேறுவிதமாக விழுந்தது. விடுதலைக்காகப் பாடியவனின் பாட்டைப் பாடுவதற்கு, விடுதலை பெற்ற நாட்டிலே ஒருவரிடம் அனுமதி கேட்பதா என்று அவர்கள் கேட்டார்கள்.

டி.கே. சண்முகம் அதோடு விட்டுவிடவில்லை. 'பாரதி விடுதலைக் கழகம்' தோன்றியது. எழுத்தாளரும் அறிஞரும் அதில் இணைந்து, பாரதியின் எழுத்தைப் பொதுவுடைமையாக்கவேண்டும் என்று அரசை வற்புறுத்தினர். அன்று சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். 1949 மார்ச்சு மாதத்தில் கல்வி அமைச்சர் தி.சு. அவிநாசிலிங்கம் செட்டியார் அரசின் முடிவைச் சட்டசபையில் அறிவித்தார். விசுவநாத ஐயரிடமிருந்து நூலுரிமையை அரசு 15,000 ரூபா கொடுத்துப் பெற்றது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த ஒலியுரிமையைப் பணம் எதுவும் வாங்காமல் ஒப்படைத்தார். செல்லம்மாவுக்கும் இரு புதல்வியருக்கும் தலைக்கு 5,000 ரூபா வழங்கப்பட்டது. 1955இல் பாரதி எழுத்துக்களை எவரும் வெளியிடலாம் என்ற நிலை உருவாயிற்று. சட்டப்படி 1971 வரை காத்திருக்க வேண்டியது, 16 ஆண்டுகள் முன்னதாகவே மக்களுக்குக் கிடைத்தது. பின்னர் பல தமிழ் எழுத்தாளரின் நூல்கள் தமிழ்நாட்டில் நாட்டுடைமையாவதற்கு இது முன்னோடியாயிற்று.

இந்த வரலாற்றிலிருந்து நான் பெறுகின்ற பாடம் ஒன்று உண்டு. உரிமை என்பது விற்கக்கூடிய பொருளானால் அது முடை உள்ளவனிடமிருந்து முதல் உள்ளவனிடம் போகும். எழுதியவன் வீட்டில் அது தங்குவதில்லை. அதற்காக உரிமையே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? உரிமை என்ற ஒன்று இல்லாதிருந்தால் விற்பதற்குக்கூட அந்தக் குடும்பத்திடம் ஒன்றும் இருந்திராது. 1949இல் அரசு செய்ததில் எனக்குப் பிடித்தது, பாட்டை விடுவித்ததோடு பாடியவன் குடும்பத்தையும் நினைத்ததுதான். பொதுமக்களுக்காக விடுவிப்பதென்றால் அதற்குரிய விலையைப் பொதுமக்கள் சார்பில் யாராவது கொடுக்கவேண்டும். எழுத்தாளன் தலையில் அந்தச் செலவைக் கட்டிவிட்டு, கலை பொதுவானது என்று பேசுவது எளிது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். பாரதியை ஈழத்தவர் அன்னியராக எண்ணியதில்லை. பண்டிதர்கள் பாரதியைக் கவிஞரென்று ஏற்கத் தயங்கிய காலத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த நம் சுவாமி விபுலாநந்தர் அங்கே பாரதியின் பெருமையை எடுத்துரைத்தார். சட்ட நிலையைப் பார்த்தால், பழைய 1911ஆம் ஆண்டுச் சட்டமே 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டக்கோவை வரும்வரை இங்கு நடந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன் பின் 70 ஆண்டுகளும் உரிமை உண்டு. தன் ஆக்கத்தில் தன் பெயர் இருக்கவேண்டும் என்று கேட்கும் உரிமையையும் அச்சட்டம் ஆசிரியருக்குத் தனியே கொடுக்கிறது. நன்னூலார் பாயிரத்தில் முதலாவதாக வைத்த செய்தி நம் காலச் சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது.

ஆசிரியர்கள் அறிந்திருக்கவேண்டிய இன்னொரு பகுதியும் அதில் உண்டு. 11ஆம் பிரிவு நியாயமான பாவனையைப் பற்றியது. திறனாய்வு, செய்தி, கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றுக்காக ஓர் ஆக்கத்தை நியாயமான அளவில் பயன்படுத்துவது உரிமை மீறலாகாது. கற்பித்தலில் வகுப்பறைக்கென்று பல பிரதிகள் எடுப்பதும் அடங்கும் என்று அப்பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. ஆனால் நோக்கம் வணிகமா, எவ்வளவு எடுக்கப்பட்டது, மூல நூலின் விற்பனை பாதிக்கப்படுமா என்பனவும் பார்க்கப்படும். ஒரு செய்யுளையோ ஓர் அத்தியாயத்தின் பகுதியையோ வகுப்புக்குப் பிரதி செய்வது வேறு. முழு நூலையும் பிரதி செய்து விற்பது வேறு.

இந்த வேறுபாட்டை நான் புத்தகத்தில் மட்டும் படித்தவனல்லன். 1990களில், பொருளாதாரத் தடையின் நடுவே, யாழ்ப்பாணத்தில் நான் மாணவனாக இருந்தேன். கடதாசி அருமைப்பட்ட காலம். பத்திரிகைகளே கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தன. எங்கள் வகுப்புக்கு ஓர் உரைநூல் ஒரே பிரதிதான் இருந்தது. ஆளுக்கு இரண்டு நாள் என்று முறை வைத்து, ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் அதைக் கொப்பியில் எழுதினோம். அந்த நூலாசிரியருக்கு எங்களால் ஒரு சதமும் போகவில்லை. போவதற்கு வழியும் இல்லை. ஆனால் அவருடைய பெயரை முதற்பக்கத்தில் எழுதாமல் நாங்கள் ஒருவரும் பிரதி செய்ததில்லை. எங்கள் ஆசிரியர் அதை முதலிலேயே பார்ப்பார். அப்படி எழுதிய கொப்பியாற்றான் நான் பல்கலைக்கழகம் போனேன். அதைக் களவு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிறகு நானே எழுதுபவனானேன். உயர்தரத் தமிழ்ப் பாடத்துக்கு ஒரு விளக்க நூல் எழுத எனக்கு இரண்டு ஆண்டுகள் சென்றன. பாடசாலை விட்டு வந்த பின் இரவிலே எழுதியது. என் பணத்தில் 500 பிரதிகள் அச்சிட்டேன். அவை பாதி விற்பதற்குள் ஒரு ரியூட்டரி அந்த நூலை முழுவதுமாகப் போட்டோக்கொப்பி செய்து, என் பெயரை எடுத்துவிட்டு, தன் பெயரோடு புதிய அட்டை போட்டு அரைவிலைக்குக் கொடுத்தது. ஒருநாள் வேறு பாடசாலை மாணவன் ஒருவன் சந்தேகம் கேட்க என்னிடம் வந்தான். அவன் விரித்த பக்கம் என் நூலின் பக்கம். பிரதியில் மை சரியாகப் பிடியாததால் ஒரு வரி அவனுக்கு விளங்கவில்லை. அந்த வரியை நான் பாராமலே சொன்னேன். அவனுக்கு வியப்பு. நூலை எழுதியது யார் என்பது அவனுக்குத் தெரியாது.

எனக்கு வந்த கோபத்தை நான் மறைக்கவில்லை. அரைவிலையானபடியால் அந்தப் பையனால் அதை வாங்க முடிந்தது என்பதும் உண்மை. அவன் படித்தான் என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. அச்சகத்துக்கு நான் கொடுக்கவேண்டிய மீதிக் கடனை அந்த மகிழ்ச்சி தீர்க்கவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் நிறுத்துப் பார்க்கும்போது, போன பணத்தைவிடப் போன பெயரே எனக்குப் பெரிதாகப் பட்டது. ஜாம் போத்தல் வெளிச்சத்தில் நாங்கள் செய்ததும் அந்த நிலையம் செய்ததும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். நாங்கள் ஆசிரியரைச் சொன்னோம், விற்கவில்லை. அவர்கள் ஆசிரியரை மறைத்தார்கள், விற்றார்கள்.

எழுத்தாளனாக இப்படிச் சட்டத்தின் பக்கம் நிற்கும் நான், வேறொரு விடயத்தில் அதனோடு பிணங்குகிறேன். நமது ஈழத்து நூல்களிற் பல சில நூறு பிரதிகளே அச்சாகி, மறுபதிப்புக் காணாது போனவை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. எஞ்சியிருப்பவை வீட்டு அலுமாரிகளிலே செல்லரிக்கின்றன. 1970இல் ஒரு நூலை வெளியிட்டு 1990இல் மறைந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். இன்றைய சட்டப்படி 2060ஆம் ஆண்டு முடியும்வரை அந்நூலுக்கு உரிமை உண்டு. உரிமையாளர் யார்? பிள்ளைகள் ஒருவர் ரொறொன்ரோவில், ஒருவர் பாரிசில், முகவரி தெரியாது, அவர்களிற் சிலருக்குத் தந்தை நூல் எழுதியதே தெரியாது. அனுமதி கேட்க ஆளில்லை. கேளாமல் அச்சிடச் சட்டமில்லை. உரிமையாளரைத் தேடி முடிவதற்குள் நூல் மண்ணாகிவிடும்.

2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற மின்னூலக முயற்சி, ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படம்பிடித்து எவரும் இலவசமாகப் படிக்கக் கொடுத்து வருகிறது. அன்று ஏடு பிரதி செய்தவர்களின் வழித்தோன்றல்கள் என்றே அப்பணியாளரை நான் நினைக்கிறேன். பழைய 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலே ஒரு நல்ல வாசல் இருந்தது. ஆசிரியர் மறைந்து 25 ஆண்டுகள் சென்ற பின், முறைப்படி அறிவித்தல் கொடுத்து, விலையில் நூற்றுக்குப் பத்து வீதம் உரிமையாளருக்குச் செலுத்தும் எவரும் நூலை மறுபடி அச்சிட்டு விற்கலாம் என்பதே அது. குடும்பத்துக்குப் பணமும் வாசகனுக்கு நூலும் ஒருங்கே கிடைக்கும் வழி. இன்றைய சட்டத்தில் அந்த வாசல் இல்லை. சிறிய மொழியில், சிறிய தொகையில் அச்சாகும் நூல்களுக்கு அப்படியான ஓர் ஏற்பாடு மீண்டும் வேண்டும் என்பது என் கருத்து.

சட்டம் திருந்தும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. நம்மால் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எழுதுகிற ஒவ்வொருவரும் தம் நூலின் உட்பக்கத்தில் தம் விருப்பத்தைத் தெளிவாக எழுதி வைக்கலாம். என் விளக்க நூலின் இரண்டாம் பதிப்பில் நான் அப்படிச் செய்தேன். வகுப்பறைத் தேவைக்கு எவரும் பிரதி செய்யலாம். பிரதியை விற்கக்கூடாது. ஆசிரியர் பெயரை நீக்கக்கூடாது. எனக்குப் பின் பத்து ஆண்டுகள் வரை மறுபதிப்புக்கு என் குடும்பத்திடம் அனுமதி பெறவேண்டும். அதன் பிறகு எவரும் வெளியிடலாம். நான்கே வரிகள். பாரதியார் இப்படி ஒரு குறிப்பை எழுதி வைக்கவும், அதை மதித்து அவருடைய குடும்பத்துக்கு உரியதைக் கொடுக்கவும் ஒரு சமூகம் இருந்திருந்தால், செல்லம்மாவுக்கு விற்கவேண்டிய தேவை வந்திராது. சண்முகத்தின் மீது வழக்கும் வந்திராது.